கைப்பேசி சொன்ன பருத்தி வைத்தியம்

அருப்புக்கோட்டையில் எங்கள் உரக்கடையை அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவள். போன வருடம் ஒரு மருந்து கம்பெனிக்காரர் வந்து, இலையைப் படம் எடுத்தால் நோயையும் மருந்தையும் சொல்லும் செயலியைப் போட்டுத் தந்தபோது, விவசாயிகளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியை இந்தச் செயற்கை நுண்ணறிவின் கதையைச் சொல்லியிருக்கிறார். ஐம்பதுகளில் சில விஞ்ஞானிகள், ஒரு கோடை முழுக்க உட்கார்ந்தால் யோசிக்கிற இயந்திரத்துக்கு வழி பிறந்துவிடும் என்று நம்பினார்களாம். பிறக்கவில்லை. பிறகு நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டு விதிகளாக எழுதினார்கள். அந்த இயந்திரங்கள் டாக்டரைப் போல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத்தான் முடிவு சொல்லும். அதுவும் ஓரளவுக்கு மேல் எடுபடவில்லை. இப்போது லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். பரீட்சையில் இதை நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள், நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா சுருண்ட பருத்தி இலையோடு வந்தார். கடையில் கூட்டம்.

"பத்து நாளைக்கு முன்னாடி பூச்சி மருந்து அடிச்சோம் தாயி. எங்க மருந்தடிக்கிற டேங்க்கு ஓட்டை. பக்கத்துக் காட்டுல இரவல் வாங்கித்தான் எங்க வீட்டுக்காரவுக அடிச்சாக. அதுக்கப்புறந்தான் இப்பிடி."

"சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே படம் எடுத்தேன். சாறு உறிஞ்சும் பூச்சி என்றது செயலி. மருந்தைக் கொடுத்தேன்.

"வெயில் தாழ அடிச்சிருவாக. ஒரு மணி பஸ்ஸுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார்.

கூட்டம் குறைந்தபோது மணி மூன்றாகியிருந்தது. அந்த இலை மேசையிலேயே கிடந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி சாறு உறிஞ்சிய இலை இப்படி விரல் விரலாக நீளாது. அந்தப் பக்கம் முழுக்க மக்காச்சோளம். அதற்கு அடிக்கிற களை மருந்து பருத்திக்கு விஷம். டேங்க்கைச் சரியாகக் கழுவாமல் இரவல் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அதே டேங்க்கில்தான் அடிப்பார்கள். இலையைப் பார்த்த செயலிக்கு டேங்க்கைப் பற்றித் தெரியாது. எனக்கு அந்த அக்கா சொல்லியிருந்தார்.

அவரிடம் போன் கிடையாது. பில் புத்தகத்தில் ஊரும் கணவருடைய எண்ணும் இருந்தன. அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். திருச்சுழி தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. ஹாரன் அடிக்க அடிக்க ஆடுகள் மிரண்டு நடு ரோட்டுக்கே வந்தன. நல்ல வேளையாக அன்றைக்கு வெயில் இன்னும் தாழவில்லை என்று நினைத்த நேரம், மேற்கே மேகம் மூடி வெயில் மறைந்தது. இனி அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஊரில் விசாரித்துக் காட்டுக்குள் இறங்கியபோது, தூரத்தில் முதுகில் டேங்க்கோடு அந்த அக்காவின் கணவர் நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணே! நிறுத்துங்க! அடிக்காதீங்க!"

அவர் நின்றார். குடத்தோடு அந்த அக்கா ஓடி வந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"மருந்து குடுத்ததும் நீங்க, நிறுத்தச் சொல்றதும் நீங்களா?" கணவரின் குரல் ஏறியது. "கடையில வச்சுச் சொல்றதுக்கென்ன?"

டேங்க்கின் மூடியைத் திறந்து, களை மருந்து வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்தவர் முகம் மாறியது.

"அன்னிக்கே இந்த வாடை வந்துச்சு" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். டேங்க்கைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் ஆறு வரிசை அடித்து முடித்திருந்தார். அந்த ஆறும் தேறவில்லை. மற்றவை தாமதமாகத் துளிர்த்துக் காய் பிடித்தன.

கம்பெனிக்காரரிடம் சொன்னேன். "படத்தை அனுப்புங்க மேடம், அது கத்துக்கும்" என்றார். அனுப்பினேன். கற்றுக்கொண்டதா, தெரியாது. செயலியை நான் எடுத்துவிடவில்லை. பல நோய்களை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் முதலில் கேட்கிறேன்: எப்போது அடித்தீர்கள், எதில் அடித்தீர்கள், பக்கத்துக் காட்டில் என்ன பயிர்? வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

அந்த அக்கா தையில் கடைக்கு வந்தார், தனியாக.

"அண்ணனுக்கு இன்னும் கோவம் போகலையாக்கா?"

"போகல தாயி" என்றார். பிறகு, பையிலிருந்து புது இலையை எடுப்பதற்கு முன்பே, செடிக்கு என்ன ஆனது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.