பால்கனியில் ஒரு லுங்கி

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் குடும்பம் கோவளத்தில் ஒரு பெரிய கடற்கரை ரிசார்ட்டில் தங்கியது. அதற்கு முன்னால் வெளியூர் போனால் நாங்கள் தங்கியதெல்லாம் உறவினர் வீடு, கோயில் சத்திரம், அதுவும் கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் லாட்ஜ். லாட்ஜ் என்றால் அப்பா மட்டும் முதலில் போய் இரண்டு பேருக்கு என்று ரூம் எடுப்பார். பிறகு எங்களை ஒவ்வொருவராக மாடிக்கு ஏற்றுவார். அம்மாவிடம் ஒரு ரெக்சின் பை உண்டு. நைலான் கயிறு, துணி சோப்பு, பிளாஸ்டிக் மக், வெந்நீர் போடும் காயில் எல்லாம் எப்போதும் அதற்குள் தயாராக இருக்கும். அந்தப் பையோடு கன்னியாகுமரி வரை போய் வந்திருக்கிறோம்.

அப்படிப்பட்டவர்கள் ரிசார்ட்டுக்குப் போனது சித்தியின் கல்யாணப் பேச்சுக்காக. சித்தி அம்மாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு சேலையூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தது அப்பாதான். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டே பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் துப்பட்டாவில் ஏதோ மருந்து வாடை அடிக்கும். அந்த வாடை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வரன் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தியிருந்தது. லீவில் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கோவளம் ரிசார்ட்டில் தங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டார்.

"பஜ்ஜி சொஜ்ஜி, பொண்ணு பாக்கறது அதெல்லாம் பழைய ஸ்டைல்ங்க. நீங்களும் இங்கேயே வந்து ஒரு ராத்திரி தங்குங்க. பசங்க ஃப்ரீயா பேசிக்கட்டும். ரூம் நாங்களே புக் பண்ணிடறோம்."

"பரவால்லைங்க, நாங்களே பாத்துக்கறோம்" என்றார் அப்பா. அடிக்கடி போய்த் தங்குகிற இடம் மாதிரிதான் சொன்னார். போனை வைத்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

சித்தி வேண்டாம் என்று சொல்லாமல் இல்லை. "தீசிஸ் முடியட்டும்க்கா, இப்ப வேணாம்" என்று அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்றாள் அம்மா. இன்னொரு நாள் சித்தி கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். கல்யாணம் என்றால் எந்தப் பெண்ணுக்கும் பயம் வரத்தான் செய்யும் என்றார் அப்பா. படிக்க வைத்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் பேச அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்பதைத் தவிர அவளுடைய எல்லாப் பேச்சும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது.

தாம்பரத்திலிருந்து பஸ் மாறிக் கோவளம் போய் இறங்கினோம். அங்கிருந்து ரிசார்ட் நடக்கிற தூரம்தான். ஆனால் நடந்து உள்ளே போனால் மரியாதை இருக்காது என்று அப்பா ஒரு டாக்சி பிடித்தார்.

"இன்னா சார், தோ தெரியுது பாரு கேட்டு. இதுக்குப் போயி வண்டியா?" என்றார் டிரைவர்.

"நீ ஓட்டுப்பா" என்றார் அப்பா.

இறங்குவதற்கு முன்னால் அம்மா என் காதில் ஒரே ஒரு கட்டளையிட்டாள். எதைப் பார்த்தாலும் வாயைப் பிளக்கக் கூடாது. அந்தக் கட்டளையை வாசலிலேயே முதலில் மீறியவள் அவள்தான். கூடத்துக்கு நடுவில் ஒரு குளம் இருந்தது. அதில் நிஜத் தாமரை பூத்திருந்தது. பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண் எங்களுக்குத் தட்டில் இளநீர் கொண்டுவந்தாள். பில்லில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் அப்பா, "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தோம்" என்று சொல்லிவிட்டார். அது இலவசம் என்று தெரிந்தபோது தட்டு உள்ளே போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

எங்கள் அறை முதல் மாடியில். அம்மா உள்ளே போனதும் குட்டி ஃபிரிட்ஜிலிருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டுத் தயிர் சாதத்தை அதில் வைத்தாள். புளியோதரைத் தூக்கு அலமாரியில் தொங்கிய குளியல் அங்கிகளுக்குக் கீழே ஒளிந்துகொண்டது. நான் குளியலறையை ஆராயப் போனேன். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு ஸ்டீல் வட்டம் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் துணி காயப்போடும் கம்பிக்கயிறு வந்தது, விட்டால் விர்ரென்று உள்ளே ஓடியது. அமெரிக்க மாப்பிள்ளையை மறந்து அதோடு வெகுநேரம் விளையாடினேன்.

சாயங்காலம் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், எந்த ஸ்கூல் என்று கேட்டார். சித்தியிடம் அவள் ஆராய்ச்சியைப் பற்றியும் ஏதோ கேட்டார். சித்தி முகம் மலர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் அவருடைய அம்மா சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இனிமே எதுக்கும்மா? அங்க வந்தா நீ வேலைக்குப் போகவே வேணாம். வீட்ல மகாராணி மாதிரி இருக்கலாம்."

மாப்பிள்ளை தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குப் பூரிப்பில் கண் கலங்கிவிட்டது. "எங்க பொண்ணு குடுத்து வச்சவ" என்றார். சித்தி பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அப்புறம் முடிக்கவே இல்லை. காலையில் டிபன் முடிந்ததும் முடிவாகப் பேசிவிடலாம் என்று பெரியவர்கள் எழுந்தார்கள்.

மறுநாள் விடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. பால் பாக்கெட் இல்லை, குக்கர் இல்லை, அந்த மெத்தை வேறு. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அப்பா கடற்கரையில் நடக்கப் போயிருந்தார். குளியலறையில் துணி கும்மும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சித்தி முதல் நாள் அழுக்குத் துணியையெல்லாம் தொட்டிக்குள் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் லுங்கி, பனியன், அம்மாவின் பாவாடை, என் சட்டை எதுவும் தப்பவில்லை. பிறகு ரெக்சின் பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தாள்.

"ஏ, வாடி. இந்த முனையைப் பிடி" என்று பால்கனிக்குக் கூட்டிப் போனாள்.

"பாத்ரூம்லயே கயிறு இருக்கு சித்தி. இழுத்தா வரும்" என்று என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

"தெரியும். அங்க காத்து வராது" என்றாள்.

பால்கனிக்கு நேர் கீழே புல்வெளியில் மேஜை போட்டு எல்லோரும் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் இருந்தார்கள். சித்தி லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துப் பட்டென்று உதறினாள். கீழே பல தலைகள் நிமிர்ந்தன. கட்டம் போட்ட அந்த லுங்கியை நட்ட நடுவில் விரித்துப் போட்டாள். அதன் இரு பக்கமும் பனியனும் பாவாடையும் தொங்கின. மாப்பிள்ளையின் அம்மா கையில் முள்கரண்டியோடு அப்படியே இருந்தார். சித்தி கம்பிமேல் சாய்ந்து, "குட்மார்னிங் ஆன்ட்டி!" என்று கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பால்கனியில துணி போடக் கூடாதுங்க. கம்ப்ளெயிண்ட் வந்துகிட்டே இருக்கு." அம்மா தூக்கத்திலிருந்து அடித்துப் பிடித்து எழுந்தாள். அவருக்குப் பின்னாலேயே அப்பா வந்து நின்றார். கடற்கரையிலிருந்து திரும்பும்போது தன் லுங்கியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டிருக்கிறார்.

டிபன் முடிந்ததும் பேச்சு சுருக்கமாக நடந்தது. ஜாதகத்தில் ஏதோ ஒரு கட்டத்தைத் தங்கள் ஜோசியர் கவனிக்காமல் விட்டுவிட்டாராம், இப்போதுதான் போன் செய்தாராம் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா தலையை ஆட்டினார். அவருடைய முகம் விழுந்துபோனது.

அறைக்கு வந்ததும் அம்மாமேல் பாய்ந்தார். "அந்தக் கயிற இங்கயும் தூக்கிட்டு வரணுமா? ஒரு பொண்ணோட வாழ்க்கையே போச்சு!"

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. காயப்போட்டது நான்" என்றாள் சித்தி.

"நீ பழக்கதோஷத்துல செஞ்சிருப்பம்மா. உன்ன யாரு சொன்னா?" என்று அப்பா அதையும் காதில் வாங்கவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாட்டில்களைத் திரும்ப ஃபிரிட்ஜில் அடுக்கினாள். சித்தி அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் முன் சீட்டில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நானும் சித்தியும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் காற்றில் அவள் முடி என் முகத்தில் அடித்தது. அவள் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

"கவலப்படாத சித்தி. அடுத்த மாப்ள வரும்போது நான் பாத்துக்கறேன். யாரையும் துணி துவைக்க விட மாட்டேன்."

சித்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாவம், எப்படி அழுகிறாள் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. "அழாத சித்தி, அழாத" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். இவரைவிட நல்ல மாப்பிள்ளை, இதைவிடப் பெரிய ரிசார்ட்டிலிருந்து வருவார் என்று சத்தியம்கூடச் செய்தேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.