அத்திம்பேர் பார்த்துக் கொடுத்த ஜீப்

ஜீப்பின் பானெட் மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒன்று அத்திம்பேருக்கு, ஒன்று எனக்கு. போனக்காட்டு மலைக் குளிரில் ஆவி அவசரமாக எழுந்து அவசரமாகவே அடங்கிவிட்டது. அத்திம்பேர் டம்ளர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எடுக்காததால் நானும் எடுக்கவில்லை. அதைக் கொண்டுவந்து வைத்த பெண்மணி, வண்டியை விற்கிறவள், முந்தானையில் கையைத் துடைத்தபடி, நாங்கள் வண்டியைச் சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் யாராவது என் ஜீப்பைப் புகழ்ந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த ஆறிய டீதான். எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். அப்பா போன பிறகு வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு எல்லாமாக இருந்தவர். நான் படித்ததும், செக்ரட்டேரியட்டில் வேலைக்குச் சேர்ந்ததும், கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது தெருவின் வாயை அடைத்ததும் அவர் தயவால்தான். அவர் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. வீடு, மிக்ஸி, மாப்பிள்ளை எதுவானாலும் ‘அத்திம்பேர் பார்த்தாச்சா?’ என்ற கேள்விக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அவர் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. சாலைக் கடைத்தெருவில் துவரம்பருப்பை உள்ளங்கையில் அள்ளி, முகத்தைச் சுளித்து, “போன வருஷத்துச் சரக்கோ?” என்பார். புதுசு என்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். “சாமிக்கு வேற வேலையில்லே” என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் விலையைக் கொஞ்சம் குறைப்பார். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். சாமர்த்தியசாலி என்று பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

ஐம்பதை நெருங்கும்போது எனக்கு ஜீப் ஆசை பிடித்தது. அதுவும் தொண்ணூறுகளில் வந்தது, நாலு சக்கரமும் இழுப்பது, கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டாவது லீவர் நிற்பது. வலியசாலைத் தெருவில் அதைத் திருப்பக்கூட இடம் கிடையாது. “இதுக்கு ஒரு யானையை வாங்கிக் கட்டலாம்” என்றாள் அக்கா. என்ன செய்வது, ஆசைக்குக் காரணம் கேட்டால் அது ஓடிவிடும். ஆபீஸ் தோழி ஒருத்தி போனக்காடு எஸ்டேட்டில் அப்படி ஒரு வண்டி விலைக்கு இருப்பதாகச் சொன்னாள். சொந்தமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டார். மனைவி அதை விற்றுவிட்டுத் தென்காசிப் பக்கம் மகளோடு போய் இருக்கப்போகிறாள். மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பி, அத்திம்பேரும் நானும் பஸ் ஏறினோம்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை ஒட்டிய மண்பாதையில் வண்டியை நான்தான் ஓட்டிப் பார்த்தேன். குட்டை லீவரைப் போட்டதும் அந்தச் செங்குத்து ஏற்றத்தில் அது பொறுமையாக, சுமைதூக்கப் பழகிய மாடு மாதிரி ஏறியது. அந்த நிமிஷமே மனத்துக்குள் வாங்கிவிட்டேன். இறங்கியபோது என் முகத்தைப் பார்த்த அத்திம்பேர், “பல்லைக் காட்டாதேடி” என்று காதோடு சொன்னார். பின் கதவைத் திறந்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை குலுங்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்மணியிடம் கேட்டார்: “ஏம்மா, இந்த வண்டியிலே பொணம் கிணம் ஏத்தியிருக்கேளா?”

அவள் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்விக்கு ஒருவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“ஏத்தாம பின்னே? இந்த லயத்துல யாரு போனாலும் இந்த வண்டிதான் சாமி. மழையில இந்த ஏத்தத்துல ஆம்புலன்ஸ் கேறாது, இது கேறும். ரெண்டு பிரசவம் இதுக்குள்ளயே நடந்திருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்பயும் இதே சீட்டுலதான் படுக்க வச்சு விதுரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், தலை என் மடியில. திரும்பி வந்ததும் இதுலதான். ஒரு நாளும் வழியில நின்னதில்ல, கேட்டீங்களா.”

வண்டி உறுதியானதா என்று கேட்கிறார் என அவள் நினைத்திருக்கிறாள். அத்திம்பேர் எழுந்தார். வேட்டியின் பின்புறத்தைத் தட்டிக்கொண்டு இறங்கி, குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினார். தலையிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். மலர்ச்சி மெல்ல வடிந்துபோனது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது.

“தெரியாம சொல்லிட்டேன், சேச்சி. நீங்களே பாத்துக் குடுங்க” என்றாள். நாங்களே பார்த்து, குறைத்துக் கொடுத்தோம்.

விதுரா பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அத்திம்பேர் நேராக டீக்கடைக்குப் போனார். சுமைதூக்குகிறவர்களுக்கு நடுவில் பெஞ்சில் இடம்பிடித்து, டீயும் பருப்புவடையும் வாங்கி, ஊதி ஊதிச் சுகமாகக் குடித்தார். “அங்கே ஏன் குடிக்கலே?” என்று கேட்டேன்.

“பொண்ணு பாக்கப் போன ஆத்துலே பேசி முடிக்கறதுக்கு முன்னாடி கை நனைக்கலாமோ? டீயைக் குடிச்சா சிநேகமாயிடுவோம். அப்பறம் எப்படி வெலை பேசறது?”

“அப்போ அந்தக் கேள்வி? காலை அலம்பினது?”

“பொணமாவது ஒண்ணாவது! ஆஸ்பத்திரிக் கட்டில்லே எத்தனை பேர் போயிருப்பா, நாம படுத்துக்கலையா? பழைய வண்டி பாக்கப் போனா எல்லார்கிட்டேயும் கேக்கறதுதான். ஐயோ இல்லே சாமின்னு பதறுவா, பதறினா வெலையிலே எறங்குவா. உண்டுன்னு சொன்னது இவ ஒருத்திதான்.” வடையைக் கடித்தபடி சிரித்தார்.

நிஜமாகவே தீட்டுப் பார்த்தார் என்றிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பழைய மனுஷர், வளர்ந்த விதம் அப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இது சாலைக் கடைத்தெருத் துவரம்பருப்பு விளையாட்டு. கடைக்காரருக்கு விளையாட்டு தெரியும். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஆனாலும் மிச்ச வடையை என்னிடம் நீட்டியபோது வாங்கித் தின்றேன்.

காகிதமெல்லாம் முடிந்து வண்டியை எடுத்துவர நான் மட்டும் போனேன். ஜீப் குளித்துப் பொட்டு வைத்த பிள்ளை மாதிரி நின்றது. பின் கதவைத் திறந்து காட்டினாள். பழைய சீட் இல்லை. புத்தம்புது ரெக்ஸின் சீட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

“அன்னைக்கு எனக்குப் புத்தி ஓடல, சேச்சி. நீங்க போன பொறவுதான் மனசிலாச்சு. நல்ல காரியத்துக்கு எடுக்கிறவங்க கேக்கத்தானே செய்வாங்க. நெடுமங்காட்டுக்குக் கொண்டுபோயி மாத்தியாச்சு. மாரியம்மன் கோயில்ல மஞ்சத்தண்ணியும் தெளிச்சிருக்கு.”

திறந்திருந்த கதவு வழியாக அவள் அறை தெரிந்தது. பழைய சீட் சுவரோரமாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டு, “அது என்கூட வந்துக்கிடும்” என்றாள். சீட்டுக்கான செலவை நான் தருகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

இந்த முறை டீ தரவில்லை. கடையிலிருந்து வாங்கிவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை, மூடி திறக்காமல், கழுத்தைப் பிடிக்காமல் அடியில் பிடித்து நீட்டினாள். எனக்கு டீ வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அவள் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து குடித்திருக்கலாம். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிவிட்டது. பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வண்டியைக் கிளப்பும்போது ஜன்னலருகே வந்து சொன்னாள்: “பெரியவர்கிட்ட சொல்லுங்க சேச்சி, இனி சங்கடமில்லாம உக்காரலாம்னு.”

நான் சொல்லவில்லை. தெருமுனையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு காத்திருந்த அத்திம்பேர், பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். “பாத்தியோ, ஒரே ஒரு கேள்வி கேட்டேன், சீட்டையே புதுசாப் போட்டுக் குடுத்துட்டா!” அன்றிலிருந்து கல்யாண வீடு, கோயில் பிரகாரம் எங்கும் அந்தக் கதைதான். ஒவ்வொரு முறையும் எல்லாரும் சிரிப்பார்கள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவேன்.

இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. காலை நீட்டிக்கொள்ள வசதியென்று டாக்டரிடம் போகும்போதெல்லாம் அந்தப் பின் சீட்டில்தான் வருவார். போன மாதம் திரும்பி வருகையில் அட்டக்குளங்கரையில் வண்டிகள் நகராமல் நின்றன. அத்திம்பேர் சீட்டைத் தட்டினார். “இத்தனை வருஷமாச்சு, பாரு, ஒரு கிழிசல் உண்டோ? கேட்டு வாங்கினதாக்கும்.” எனக்கு என்ன ஆயிற்றோ, திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். சுவரோரம் கிடந்த சீட், மடித்த போர்வை, தண்ணீர் பாட்டில், அவள் சொல்லியனுப்பியது.

பின்னால் அவர் அசைந்ததில் ரெக்ஸின் கிறீச்சிட்டது.

“ஏண்டி இத்தனை நாள் சொல்லலே?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பேள்?”

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “அத்திம்பேர், முழங்காலை வெச்சுண்டு எங்கே போறேள்?” என்று கத்தினேன். நிற்கும் பஸ்ஸைப் பிடித்து, காரைப் பிடித்து, கெந்திக் கெந்தி நடந்து ஓரத்துக்குப் போய், ஒரு ஆட்டோவுக்குக் கை காட்டினார். ஏறும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சீட்டை விட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். எனக்கு இறங்கத் தெரியவில்லை. கியரைப் போட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.