வாப்பாவின் சிலந்தி

வாப்பாவின் பெயர் ஒரு சிலந்திக்கு இருந்தது. யுத்தம் மூளுவதற்கு முன்பு, குகைப் பூச்சிகளைத் தேடி வந்த வெள்ளைக்காரர் ஒருவரை அவர் தன் நெல்லு லொறியில் மேற்கே காட்டுப்பக்கம் ஏற்றிப்போய், குகைக்குள் டோர்ச் பிடித்திருக்கிறார். அதற்கு நன்றியாக, அங்கே அகப்பட்ட கண்ணில்லாத வெளிறிய சிலந்திக்கு அந்த மனிதர் வாப்பாவின் பெயரை லத்தீன் வால் ஒட்டிச் சூட்டிவிட்டார்.

கல்முனைத் தேத்தண்ணிக் கடைகளில் அந்தக் கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. கடைசியில் வெள்ளைக்காரர் வெளியே நடுங்கிக்கொண்டு நிற்க, வாப்பா தனியே உள்ளே போய்ப் பிடித்து வந்தார் என்றாகிவிட்டது. உம்மாவுக்கு மட்டும் வெட்கம். மற்றவர்களின் பெயர் வீதிக்கும் கட்டடத்துக்கும் இருக்க, தன் புருஷன் பெயர் பூச்சிக்குப் போய்விட்டதே என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சலித்துக்கொள்வார்.

சுனாமி அன்று வாப்பா கடற்கரைக்குப் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாதவர்களைச் சேர்த்து அடக்கிய குழிகளில் எதில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. பிறகு வந்த உதவிக்காரர்கள் கட்டிய வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் மலசலகூடங்களுக்கும் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். கடலோடு போனவர்களின் பெயரை எழுத எவரிடமும் பலகை மிஞ்சவில்லை. உம்மா சிலந்தியைக் குறை சொல்வதை நிறுத்தினார். நான் ஒட்டடை அடிக்கப் போனாலும் தடுத்தார்.

யுத்தம் முடிந்து காட்டுப்பாதைகள் திறந்த பின் பல்கலைக்கழகத்திலிருந்து இளம் ஆய்வாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். வாப்பாவின் சிலந்தி தனி இனமே அல்ல என்றார். பாட்டன் காலத்திலேயே இன்னொரு வெள்ளைக்காரர் வேறொரு குகையில் பிடித்துப் பெயரிட்ட சிலந்தியின் குஞ்சுதான் அதுவாம். சின்னதாக இருந்ததால் வேறு என்று நினைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது அவர்களுடைய சட்டம். எங்கள் ஊரில் கடைசியாக வந்தவன் வைப்பதுதான் பெயர். சிலந்திகளுக்குக் கிடைத்த ஒழுங்கை நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த உம்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

“அப்ப இவர்ட பேர அழிச்சிப்போடுவாங்களா மகன்?”

அழிக்க முடியாது என்றார் ஆய்வாளர். ஒருமுறை அச்சில் வந்த பெயரை எவராலும் நீக்க முடியாதாம். சரியான பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், செல்லாத பெயர் என்று குறித்து, காலம் உள்ளவரை வைத்திருப்பார்களாம். மன்னிப்புக் கேட்பவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

உம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தார்.

“செல்லாட்டி என்ன. மனிசன் எங்க கெடக்காரெண்டுதான் தெரியா. பேர் கெடக்கிற எடமாவது தெரிஞ்சிரிச்சே.”