பிரவுன்ஷ்வைக்கில் நகர்ந்த கால்

மூன்று வருடங்களாக ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலை பழகுகிறேன். தனியாகச் செய்யும்போது பூங்காவில் நின்று பார்ப்பவர்கள்கூட உண்டு. எதிரில் ஒருவர் நின்று கை வைத்தால் போதும், தள்ளுவண்டி மாதிரிப் பின்னால் போய்விடுவேன். மே மாதம் பேர்லினில் இரண்டு நாள், இருவராகச் செய்யும் ‘தள்ளுகை’ப் பயிற்சி என்றதும் பதிவு செய்தேன். “ஒரு சுற்றாவது நிக்கலேன்னா இதோட விட்டுடறேன்” என்று மனைவியிடம் சொன்னேன். “எழுதிக் குடுங்க” என்றாள். எழுதியும் கொடுத்தேன்.

வெள்ளி மதியம் இரண்டு மணி ரயில். முன்பே எடுத்ததால் டிக்கெட் 49 யூரோ 90 சென்ட். மன்ஹைம், பிராங்க்ஃபுர்ட், காசெல், கோட்டிங்கன், பிரவுன்ஷ்வைக் வழியாக ஐந்தரை மணி நேரம். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் நண்பர் வீட்டில் தங்கினேன். பயிற்சி டெம்பெல்ஹோஃப் பழைய விமான நிலைய மைதானத்தில். நொய்கெல்ன் பக்கத்து வாசலுக்கு U8 சுரங்க ரயிலில் போய், பத்து நிமிடம் நடந்தால் போதும். இரண்டு நாளுக்குக் கட்டணம் 70 யூரோ.

காலையில் நாற்பது நிமிடம் சும்மா நிற்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி, தோள் தளர்ந்து, எடை முழுவதும் பாதத்துக்கு இறங்க வேண்டும். சும்மா நிற்பது சும்மா இல்லை, தொடை நடுங்கிவிடும். பிறகு இருவர் இருவராக மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து வட்டமிட வேண்டும். தள்ளுகிறவரை எதிர்க்கக் கூடாது. அவர் பலம் எந்தப் பக்கம் வருகிறது என்று தொட்ட இடத்தாலேயே உணர்ந்து, இடுப்பைத் திருப்பி வழிவிட வேண்டும். பாதம் நகர்ந்தால் தோல்வி. சனிக்கிழமை ஏழு சுற்று, ஏழிலும் தோற்றேன். அழுகையே வந்தது.

ஞாயிறு காலை எனக்கு ஜோடி ரஜனி. யாழ்ப்பாணத்தவர், நொய்கெல்னில் ஓர் உணவக சமையலறையில் வேலை. இரண்டே தள்ளலில் என் குறையைப் பிடித்துவிட்டார்.

“அண்ணை, கை பட்ட உடன மூச்சைப் பிடிக்கிறியள். நெஞ்சு மேல வந்தா கால் எப்பிடி நிக்கும்?”

“காலேஜ்ல கபடி டீம்ங்க” என்றேன். கபடிக்காரனுக்கு ஆள் தொட்டால் மூச்சு தானாக அடங்கும். இருபது வருடமாக அது உள்ளே இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்!

“அப்ப கதைச்சுக்கொண்டே செய்யுங்கோ. கதைக்கிற ஆளுக்கு மூச்சை அடக்க ஏலாது. கபடி எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!”

கடைசிச் சுற்றில் எனக்கு வாய்த்தவர் டீட்டர். தச்சர், நூறு கிலோவுக்குக் குறையாது. முந்தின நாள் என்னை மூன்று முறை நகர்த்தியவர். என்ன பேசுவது என்று தெரியாமல், வந்த ரயிலின் நிறுத்தங்களை முணுமுணுக்க ஆரம்பித்தேன். மன்ஹைமில் அவர் லேசாகத் தள்ளினார். இடுப்பு திரும்பியது. காசெலில் பலமாக வந்தார், தோள் இறங்கியது, பாதம் அப்படியே இருந்தது. கோட்டிங்கனில் முழு எடையையும் போட்டார். “பிரவுன்ஷ்வைக்” என்று மூச்சை விட்டேன், இடுப்பைத் திருப்பினேன். தன் வேகத்திலேயே என்னைத் தாண்டி இரண்டு அடி போய் நின்றார் டீட்டர். ரஜனி அந்த மைதானமே கேட்கிற மாதிரிக் கத்தினார். நான் வெட்கமில்லாமல் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன்.

போகிறவர்களுக்கு: மைதானத்தில் நிழல் அதிகமில்லை, தொப்பி அவசியம். தட்டையான அடி உள்ள காலணி போடுங்கள். வேறு விளையாட்டு ஆடியவர்கள் தங்கள் பழைய உடம்பு என்ன செய்கிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அது நமக்கே தெரியாது.

திரும்பும் ரயில் பிரவுன்ஷ்வைக்கில் நின்றபோது மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

“அந்தப் பேப்பரைக் கிழிச்சுடு.”