கல் நேற்றிருந்த இடம்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக் கூரையில் பத்தொன்பது குழல்விளக்குகள் இருந்தன. நான்கு எரியவில்லை. தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தபடி அவற்றை எண்ணிக்கொண்டு போனேன். எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை செய்த காலமெல்லாம் குளத்து அளவுகோலை வாசித்து எழுதியவன். ஓய்வு பெற்றதும் வாசிக்க அளவுகோல் இல்லாமல் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணத் தொடங்கினேன்.

அன்று எண்ணியதற்கு வேறு காரணமும் உண்டு. என் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறொருவருடைய கால்போலக் கிடந்தது. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது.

வார்டில் இளம் டொக்டர் ஒருவர் என் உள்ளங்காலை ஊசியால் தொட்டார். "ஐயா, குத்துறது தெரியுதா?"

"எங்க குத்துறீங்க?" என்று கேட்டேன். அவர் அட்டையில் எழுதினார்.

எலும்பு உடைந்தது வீதியில். ஆனால் என் நோய் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. உடைந்த காலோடு இப்படிக் கிடக்கப்போகிறவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் இருக்கப்போகிறவர்களுக்கும் உதவுமென்று நினைத்து இதை எழுதுகிறேன். ஆறுதலாக எழுத முயன்றேன். வரவில்லை.

எங்கள் ஊர் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் வட்டைகளின் நடுவே இருக்கிறது. இப்போது அறுப்பது மெசின். அது கொட்டும் நெல்லில் ஈரம் இருக்கும். ஓட்டமாவடியிலிருந்து வரும் வியாபாரி இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். ஈரமென்றால் லொறிக் கதவைத் திறக்கவே மாட்டார். அதனால் பெரும்போக அறுவடைக் காலத்தில் காப்பட் தார்வீதியின் ஒரு பாதி எங்கள் களமாகிவிடும். நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாதபடி விளிம்பில் கற்களை வைப்போம். பஸ்கூட ஒதுங்கிப் போகும். இதில் பிழை இருப்பதாக எங்களில் யாரும் நினைத்ததில்லை.

அதே வீதி இளைஞர்களுக்கு வேறு களம். பள்ளிக்கூடச் சந்தியிலிருந்து வாய்க்கால் பாலம் வரை வளைவே கிடையாது. பின்னேரங்களில் மோட்டார் சைக்கிள்களை இரண்டிரண்டாக விடுவார்கள். பாலத்தடியில் ஒருவன் நின்று போனில் படம் பிடிப்பான். நெல் காயும் நாட்களில் வீதி பாதியாகிவிடுவது அவர்களுக்கு இன்னும் ருசி. கல்லில் முட்டாமல் கல்லுக்கு மிகக் கிட்டவாகப் போகிறவன் கெட்டிக்காரன்.

அவர்களில் ஒருவன் டிலக்சன். பக்கத்து வளவு யோகத்தின் ஒரே பிள்ளை, வயது இருபத்திரண்டு. தகப்பனுக்குக் கட்டாரில் வேலை. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். நான் அவனைக் கண்டித்துப் பார்த்தேன்.

"மனே, இந்த வேகம் ஒருநாளைக்கு ஆளக் கொல்லும்."

"மாமா, நீங்க சைக்கிள்ள போற வேகத்துக்கு நாய்கூடத் துரத்தாது," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

யோகத்திடம் சொன்னேன். "நான் சொல்லி அவன் கேக்கிறானா அண்ணை? ஹெல்மெட்டக் கொண்டு போறான்தான், கையில கொழுவிக்கிட்டு," என்றாள். கிராம சேவகரிடம் சொன்னேன். கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். ஒரு பின்னேரத்தில் எத்தனை தடவை ஓடினார்கள் என்று எண்ணியும் சொன்னேன். "ஐயா எண்ணத் துவங்கிட்டார்," என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

அதன்பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். காலையில் என் நெல்லுக்குக் கல் வைக்கும்போது அவற்றை நடுவீதிப் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தேன். அடுத்த காலை இன்னொரு சாண். பாதை ஒடுங்கினால் பொடியன்கள் வேகத்தைக் குறைப்பார்கள் என்பது என் கணக்கு. ஒடுங்கிய வாய்க்காலில் தண்ணீர் இன்னும் வேகமாகத்தான் ஓடும். அது என் தொழிலின் முதற்பாடம். அதை நான் நினைக்கவில்லை.

அன்று வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வெறுங்காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பாதத்தைத் தூக்காமல் இழுத்து நடந்தால் நெல்லில் சால் விழும், அடிநெல் மேலே வரும். உள்ளங்காலில் படும் சூட்டிலிருந்தே எந்த இடம் காய்ந்தது, எந்த இடம் காயவில்லை என்று தெரிந்துவிடும். சத்தம் கேட்டது. நான் திரும்பினேனா என்பது நினைவில்லை.

வண்டியின் முன்சில்லு கல்லில் ஏறியது. பிறகு நெல்லில் வழுக்கிய மோட்டார் சைக்கிள் படுத்தவாக்கில் வந்து என் காலின்மேல் போனது. டிலக்சன் என்னைத் தாண்டிப் பறந்து வாய்க்கால் மதகுக் கட்டில் முதுகு அடிபட விழுந்தான். ஹெல்மெட் அவனுக்கு முன்னால் உருண்டு போனது.

ஊர்ச்சனம் ஓடிவந்தது. பாதிப்பேர் எங்களைப் பார்த்தார்கள். பாதிப்பேர் விளக்குமாற்றால் நெல்லைக் கூட்டி அள்ளினார்கள். கற்கள் வாய்க்காலில் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எனக்காகத்தான் அதைச் செய்தார்கள். அம்புலன்ஸ் வந்தபோது அது வெறும் வீதியாக இருந்தது. இருவரையும் ஒன்றாகவே ஏற்றினார்கள். வாவிப் பாலத்தைக் கடக்கும்போது டிலக்சன், "மாமா, என்ட சப்பாத்தக் கழட்டிட்டாங்களா?" என்று கேட்டான். அவன் காலில் சப்பாத்து இருந்தது.

எனக்கு ஏற்பட்டது திறந்த முறிவு (உடைந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே வருவது). சத்திரசிகிச்சையில் காயத்தைக் கழுவி, புறப்பொருத்தி (எலும்பைத் துளைத்த கம்பிகளை வெளியே ஒரு சட்டத்தில் பூட்டும் கருவி) போட்டார்கள். கம்பிகள் ஆறு. கம்பி தோலுக்குள் போகும் ஒவ்வொரு வாயையும் தினமும் துடைக்க வேண்டும். ஒன்றில் சீழ் பிடித்தாலும் எலும்புக்குள் தொற்று இறங்கிவிடும். என் மனைவி பூரணம் அந்த வேலையை நேர்ஸிடம் கேட்டுப் பழகிக்கொண்டாள்.

எலும்பைவிடப் பெரிய கவலை உள்ளங்கால். கெண்டைக்காலின் பின்னால் இறங்கும் நரம்பு நசுங்கியிருந்தது. பெரிய டொக்டர் கட்டிலோரம் நின்று ஒளிக்காமல் சொன்னார்.

"ஐயா, காயம் அழுகினாலோ இரத்த ஓட்டம் குறைஞ்சாலோ காலை எடுக்க வேண்டி வரலாம். இப்ப எடுக்கல்ல. பாப்பம்."

"நரம்பு எப்ப சரி வரும்?"

"வரலாம், வராமலும் போகலாம். நரம்பு அவசரப்படாது ஐயா. நகம் வளர்ற மாதிரித்தான்."

அன்றிலிருந்து நாள்தோறும் காலையில் ஊசி வரும், கேள்வி வரும். காலை எடுத்துவிடுவார்களென்ற பயத்தில் நான் ஒரு தந்திரம் செய்தேன். கண்ணை மூடச் சொல்லி இளம் டொக்டர் கேட்டதும், "ஓம், குத்துது," என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்ல ஐயா," என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் வாயைப் பொத்திச் சிரித்தார். பூரணம் சிரிக்கவில்லை. "படிச்ச மனிசன், டொக்டருக்கிட்டயும் கள்ளக் கணக்கா குடுக்கிறீங்க?" என்றாள். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உறுதியான ஒன்று இதுதான்: உணர்வு இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள்.

பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தார். நெல் காயப்போட்டதையும் கல் வைத்ததையும் சொன்னேன். "நெல்லு எல்லாரும்தான் காயப்போடுறாங்க. பொடியன் என்ன ஸ்பீட்ல வந்தான்? அதைச் சொல்லுங்க," என்றார். சொன்னேன். கற்களை நகர்த்தினீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையொப்பம் வைத்தேன்.

டிலக்சனை அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் வார்டின் மறு அந்தத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். அவனுடைய முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக்கயிறு) இடுப்புக்கு மேலே அறுந்திருந்தது. என் நரம்பு நசுங்கியது, அவனுடையது அறுந்தது. அறுந்தது வளராது. அவனிடம் ஊசியோடு இரண்டு நாள்தான் வந்தார்கள். பிறகு வரவில்லை.

யோகம் இரண்டு கட்டிலுக்கும் இடையில் ஓடினாள். படுக்கைப்புண் வராமல் மகனைப் புரட்டிவிட்டு வந்து, எனக்குக் கஞ்சி ஊற்றித் தருவாள். "குடிங்க அண்ணை. அவன் செய்த வேலைக்கு உங்கட முகத்தப் பாக்கவே எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்பாள். நான் கோப்பையைப் பார்த்தபடியே குடித்தேன்.

நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கப் பழக்கிய பிறகு, யோகம் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவனிடம் போனேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"என்ன மாமா, ரேஸ் ஓடுறீங்களா?"

உட்கார்ந்தேன். ஏன் அப்படி ஓடினாய் என்றுதான் கேட்டேன். வேறெதையும் கேட்க எனக்குத் தெரியவில்லை.

"நூத்திப்பத்து தாண்டினா காது அடைச்சிரும் மாமா. மறுகா ஒண்டும் கேக்காது. அம்மா ஏசுறது, தன்ட லொறிக்கு வேலைக்கு வா எண்டு ஓட்டமாவடி முதலாளி கூப்பிடுறது, ஒண்டும் இல்ல. அதுக்குத்தான்."

"கல்லு இருந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்கட கல்லு எனக்குப் பாடம். விடியப் போகக்குள்ள பாத்து வச்சிருவன். ஆனா அண்டைக்கு விடிய நான் அந்தப் பக்கம் போகல்ல. நேத்து இருந்த இடத்திலதான் இரிக்கும் எண்டு நினைச்சன்."

வார்டில் எத்தனையோ சத்தம் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"நான்தான் தள்ளி வச்சன்," என்றேன். "ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாண்."

"ஏன்?"

"நீ மெதுவாப் போவாய் எண்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறக்காமலே, "ஹெல்மெட் போட்டிருந்தாலும் முதுகுக்கு உதவியிராது, என்ன மாமா?" என்றான். பிறகு, "அம்மாக்கு நான் சொல்றன். நீங்க சொல்ல வேணாம்," என்றான்.

அவன் சொல்லிவிட்டான் என்பது அடுத்தநாள் கஞ்சி வராததில் தெரிந்தது. பொலிஸ் நிலையத்துக்கு நானே போய், தள்ளி வைத்ததையும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். வழக்கில் என் பெயரும் இப்போது இருக்கிறது. அதனால் யாருடைய முதுகும் நேராகவில்லை. வேகம் அவனுடையது. கல் என்னுடையது. எதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் அவன் கால்கள் வரவில்லை.

காலை எடுக்கவில்லை. எலும்பு கோணலாக, ஆனால் உறுதியாகப் பொருந்தியது. இயன்மருத்துவத்தில் (பயிற்சியால் உடலை மீட்கும் சிகிச்சை) கோலூன்றி நடக்கக் கற்றேன். உள்ளங்காலின் உணர்வு மட்டும் திரும்பவில்லை. உணர்வில்லாத பாதம் உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. முள் ஏறினாலும் தெரியாது, சூடு பட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். என் முகத்தைவிட என் பாதத்தை நான் கண்ணாடியில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காலம் மாறிப்போனது. முன்பு ஒரு நாளை மணியாகப் பிரித்து வைத்திருப்பேன். இப்போது நகம் வெட்டுகிறபோது மட்டும், நரம்பும் இவ்வளவு வளர்ந்திருக்குமோ என்று நினைப்பேன்.

அடுத்த பெரும்போகமும் வந்தது. வீதியில் நெல் காய்கிறது. கற்கள் வைக்கிறார்கள். புதிய பொடியன்கள் ஓடுகிறார்கள். நான் என் நெல்லை வளவுக்குள் படங்கு விரித்துக் காயப்போடுகிறேன். படங்கில் நெல் சீக்கிரம் காயாது. வியாபாரி முகம் சுளிக்கிறார்.

கொழும்புப் பக்கத்து மறுவாழ்வு ஆஸ்பத்திரியிலிருந்து டிலக்சன் சக்கர நாற்காலியோடு வீடு வந்திருந்தான். யோகம் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் ஒருநாள் மத்தியானம் அவனை எங்கள் வேலி இடைவெளிவரை தள்ளிக்கொண்டு வந்து, திரும்பிப் பாராமல் போனாள். மிச்சத் தூரத்தை அவன் தானே உருட்டிக்கொண்டு படங்கின் ஓரம்வரை வந்தான்.

"நெல்லக் காலால கிண்டல்லயா மாமா?"

"கோலால கிண்டுறன்."

"கோலுக்கு என்ன தெரியும்?"

அவன் முன்னால் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. டொக்டர் வேண்டாமென்று சொன்னதைத்தான் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வலது பாதத்தை நெல்லில் வைத்து இழுத்தேன். முதல் சாலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் குதிகாலின் உள்விளிம்பில் ஏதோ ஒன்று, ஒரு நெல்லளவு, கடித்தது. அசையாமல் நின்றேன். கடி பரவியது.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுடுதா மாமா?"

இல்லையென்று சொல்ல நாக்கு எழுந்தது. முன்பொரு முறை கள்ளக் கணக்குக் கொடுத்தவன் நான்.

"ஓம் மனே. சுடுது."

அவன் தன் கால்களைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இன்னும் கிட்டவாக உருட்டினான்.

"எப்பிடிச் சுடுது எண்டு சொல்லுங்க."

அதற்கு என்னிடம் இலக்கம் இருக்கவில்லை. "ஒவ்வொரு நெல்லும் தனித்தனியாச் சுடுது," என்றேன்.

"மறுகா?" என்றான்.

நான் காலை எடுக்காமல் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.