வேலாமணி கொடுத்த எதிர்க்குரல்

வேலாமணிக்கும் எனக்கும் எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் ஒரே சுவர். அவள் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் என் தூக்கம் போய்விடும். புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை. அவளுக்கென்று இருந்தது கருப்பம்மாள் ஒருத்திதான். அரவேணுப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். சோறு ஒரே டப்பாவில், சண்டை நாள் தவறாமல்.

தேயிலை விலை விழுந்தது. ஃபேக்டரியைப் பூட்டினார்கள்; கொழுந்து பறிப்பு மட்டும் பேருக்கு நடந்தது. லைனில் ஒவ்வொரு வீடாகக் காலியானபோது, "போனா ரெண்டு பேரும் போலாம், இருந்தா ரெண்டு பேரும் இருக்கலாம் புள்ள" என்று கருப்பம்மாள் சத்தியம் பண்ணினாள். பண்ணிய மகராசி ஒரு விடியற்காலை குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலாமணி அன்றைக்கு இரண்டு பேருக்கான சோற்றோடு நிரையில் நின்றிருந்தாள்.

அப்புறம் ஞாயிறுதோறும் கருப்பம்மாள் என் போனுக்குக் கூப்பிடுவாள்.

"ஊட்ல இல்லைன்னு சொல்லுங்கக்கா" என்பாள் வேலாமணி, என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. நானும் எத்தனை பொய்தான் சொல்வேன்? கடைசியில் ஒரு ஞாயிறு கருப்பம்மாள் சொல்லிவிட்டாள்: "இனிமே கூப்பிட மாட்டேனுங்கக்கா. அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

அதை நான் சொன்னதும் வேலாமணி எழுந்து போனாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமே இல்லை. வீம்பு பிடித்தே இவள் செத்துப்போவாள் என்று பயந்தேன்.

அந்த வாரம்தான் தாரிணி வந்தாள். கோயமுத்தூர்ப் பெண். முந்தின வருஷம் மைக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் தோட்டமெல்லாம் சுற்றினவள். அந்தச் சத்தங்களை வைத்து, பூட்டிக்கிடந்த ஃபேக்டரியின் மாடியில் ஒலியும் ஒளியுமாக ஒரு காட்சி வைத்திருப்பதாகச் சொல்லி எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள். வேலாமணியை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரே வெண்புகை. அதற்குள் ஒரு விளக்கு, மேகத்துக்குள் வெயில் நகர்கிற மாதிரி மெல்ல நகர்ந்தது. தகரத்தில் மழை பெய்தது. ஃபேக்டரிச் சங்கு ஊதியது. நடுவில் ஒரு மைக் தொங்கியது. கேட்பவர்கள் மனசில் தோன்றுவதைப் பதிலாகச் சொல்லலாமாம். மைக்கைப் பார்த்தால் சும்மா இருக்க என்னால் ஆகுமா? "கொழுந்துக்கு வெலை குடுங்கடா!" என்று கத்திவிட்டு வந்தேன். ஊட்டியிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்போது தூரத்து மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓ...ய்!"

கருப்பம்மாள் குரல்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மேகம் இறங்கிவிட்டால் அடுத்த நிரையில் அசைவது ஆளா, காட்டெருமையா என்று தெரியாது. பயந்தவள் 'ஓ...ய்' என்று குரல் கொடுப்பாள். காதில் விழுந்தவள் 'இருக்கே...ன்' என்று எதிர்க்குரல் கொடுத்தே ஆகவேண்டும். முதல்நாள் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவளோடு லைனில் யாரும் அன்னந்தண்ணி புழங்க மாட்டார்கள்.

முந்தின வருஷம் தாரிணியின் மைக் கருப்பம்மாள் பக்கத்தில் நின்று பிடித்த குரல் அது. தூரத்து நிரையிலிருந்து வந்த எதிர்க்குரல் அந்த மைக்கில் விழவில்லை. குரல் திரும்பவும் வந்தது. பதில் இல்லை. என் கையைப் பிடித்திருந்த வேலாமணி பிடியை விட்டாள். மூன்றாவது முறை அந்தக் குரல் எழுந்ததுதான் தாமதம்.

"இருக்கே...ன்! இருக்கேன் புள்ள!"

கத்திக்கொண்டே புகைக்குள் ஓடினாள். இல்லாத செடிகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். மூலையில், ஒரு கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். காலேஜ் பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள்.

"என்ன பல்லக் காட்டறீங்க? வாய மூடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடியே அடங்கியது.

தாரிணி ஓடிவந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "இன்னொரு தடவை மைக்ல சொல்றீங்களாக்கா? அவங்க குரலுக்கு உங்க பதிலைச் சேத்துடறேன்."

"வேண்டாங்கம்மணி" என்றாள் வேலாமணி. "கூப்பிட்டவ இங்க இல்லீங்களே."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "காளியக்கா, போனைக் குடுங்க."

ஃபேக்டரி வாசலுக்கு வந்து நான்தான் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றாள் கருப்பம்மாள். வேலாமணி போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். பேசித் தொலையேன்டி என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஓ...ய்!" என்றாள் வேலாமணி.

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் காதைக் கொண்டுபோனபோது, திருப்பூரிலிருந்து வந்த குரலில் என் காது அடைத்தது.

"இருக்கே...ன்!"

வேலாமணி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிட்டுப் போயிருக்கலாமல்ல புள்ள" என்று விசும்பினாள். அங்கேயும் அழுகைதான். போனில் காசு தீர்ந்தால் தீரட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.