சாரல் காற்றில் சாய்ந்த மின்வில்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு கல்லூரி. அதன் பின்புறம் தகரக்கூரை போட்ட கொட்டகைதான் எங்கள் ஆய்வுக்கூடம். ஆராய்ச்சி மாணவிகள் நாங்கள் இரண்டே பேர். நான் தென்காசி, அவள் கடையநல்லூர். வெல்டிங் பட்டறையில் கண் கூச எரியுமே, அந்த மின்வில்தான் எங்கள் பாடம். எங்களுடையது ஆள் நீளம். இரண்டு செப்புத் தண்டுகளுக்கு நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டு, வலைத்தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினால் கம்பி ஆவியாகிவிடும். அந்த இடத்தில் நெருப்பு நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? ஒரு நொடி நிற்காது. சூட்டில் மேலெழும்பி வளையும், நெளியும், சுருண்டு தன்னையே தொட்டுக் குட்டையாகும், மறுபடி நீண்டு பட்டென்று அணையும்.

ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரக் கம்பிகளில் கோளாறு வந்தாலும் இதே நெருப்புதான். அது எப்படி நெளிகிறது, எப்போது அணைகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. வேகக் கேமராவில் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பாள். "ஏட்டி, இங்கன வாயேன். நேத்து வந்த மாதிரி இன்னைக்கு வருதா பாரு" என்று என்னைக் கூப்பிடாத நாளில்லை. என் வேலை கெடுகிறதே என்று எரிந்து விழுவேன். இப்போது கூப்பிட ஆளில்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது, ஆனால் அதில் ஒரு சுகமும் இல்லை.

அவள் கணவர் வளைகுடாவில் இருந்தார். அவளுக்கும் விசா வந்துவிட்டது, ஆடி முடிவதற்குள் புறப்பட வேண்டும். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தாள். அங்கே போய் எழுதிக்கொள்கிறேன் என்று போனவர்கள் யாரும் எழுதியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

காற்றாடாத இடத்தில்தான் படம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் கட்டளை. சன்னல்களை அடைத்துவிட்டு, கோடை முழுக்க வியர்த்து வழிய எடுத்தோம். கடைசித் தொகுதி மட்டும் பாக்கி. அன்று காலையில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சார் உள்ளே வந்தார். "ஏ, சாரல் விழுந்துட்டுல்லா!" என்று மேற்குச் சன்னல்களை எல்லாம் அகலத் திறந்துவிட்டுப் போனார். முதல் சாரலுக்குச் சன்னலை மூடி வைத்திருக்கிறவர் எங்கள் பக்கம் எவருமில்லை. நாங்களும் முகத்தை நீட்டி நின்று நனைந்துவிட்டு, அதே குஷியில் சாயங்காலம் வரை படம் எடுத்துத் தள்ளினோம். மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் சார் படங்களைப் பார்த்தார். வில் ஒன்றுகூட நேரே எழும்பவில்லை. எல்லாம் கிழக்கே சாய்ந்து, சீக்கிரமே அணைந்திருந்தன.

"சன்னல யாரு தொறந்தா?" என்று கத்தினார்.

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். அவருக்கே நினைவு வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி விடுங்க. இனி அடச்சாலும் கூர இடுக்குல காத்து வரும். புரட்டாசியில எடுத்துக்கிடலாம்" என்றார்.

"புரட்டாசியில நான் இங்கன இருக்க மாட்டேன் சார்" என்றாள் அவள். என் சிரிப்பும் நின்றது.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. கெட்டுப்போன படங்களையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். பிறகு எழுந்து நேரே சாரின் அறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"சார், கரண்டு கம்பி என்ன பெட்டிக்குள்ளயா ஓடுது? செங்கோட்டக் கணவாய்க் காத்துலதான கெடக்கு. அங்கன தீப்பிடிச்சா இப்பிடித்தான சாயும்? இதையே எழுதுதேனே."

"காத்து வேகத்த அளக்காம என்னத்த எழுதுவ?"

"அளந்துட்டாப் போச்சு."

காற்றுமானி ஒன்றை வாங்கி வந்து வில்லின் பக்கத்தில் கட்டினோம். ஒரு சன்னலைத் திறந்து, பாதிச் சன்னல்களைத் திறந்து, எல்லாவற்றையும் திறந்து எடுத்தோம். சாரல் காலத்தில் காற்றுக்கா பஞ்சம்? காற்று ஏற ஏற வில் இழுபட்டு நீள்வதும், தாங்க முடியாமல் அணைவதும் அவள் வரைபடத்தில் ஒரே சீராக வந்து விழுந்தன. சார் பார்த்துவிட்டு, "எழுதும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் பேருந்தில்கூட எழுதினாள். நான் படங்களைச் சரிசெய்து கொடுத்தேன்.

ஆடிக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, குற்றாலத்தில் தூறலுக்கு ஒதுங்கி நின்று சூடாக வடை தின்றோம். பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

"ஜெயிச்சுட்டு எதுக்குட்டி அழுத?"

"முடிக்கணும் முடிக்கணும்னு பேயா அலஞ்சோம்லா, முடிஞ்சிட்டு. இனி எதச் சொல்லி நான் இங்கன வருவேன்?"

அவள் ஜெயிக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் வரை நானும்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.